ஒண்ணு இல்லேன்னா ரெண்டு

எங்கள் சித்தப்பாவின் வீட்டில் "ஒண்ணுமில்ல" என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. முகம் வாடி வருகிறவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஊரில் எல்லாரும் சொல்வதுபோல நாமும் "ஒண்ணுமில்ல சித்தப்பா" என்று சொல்லி வைப்போம். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து நமக்கு நேர் எதிரே போட்டு உட்காருவார்.

"ஒண்ணு இல்லேன்னா ரெண்டு இருக்கும். சொல்லு."

சொல்லும்வரை அவரும் எழமாட்டார், நம்மையும் எழவிடமாட்டார்.

குடும்பத்தில் இது பெரிய கேலிக்குரிய விஷயமாக இருந்தது. "தம்பிகிட்ட தலைவலின்னு சொல்லிடாதீங்க. தலை எப்ப முளைச்சதுன்னு ஆரம்பிப்பான்" என்பார் என் அப்பா. சித்தி சொல்வது இன்னும் நயமாக இருக்கும்: "கல்யாணமான புதுசுல ஒரு நாள் அசதியா உக்காந்திருந்தேன். என்னன்னு கேட்டார், ஒண்ணுமில்லன்னேன். அன்னிக்கு அடுப்புல வெச்சது கருகி, பாத்திரமே போச்சு. மனுஷன் நாற்காலியை விட்டு அசையலையே!"

அவருடைய வேலைக்கு இந்தக் குணம் பொருத்தமாக அமைந்தது. மின்தூக்கிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் ஓய்வு பெறும்வரை பொறியாளராக இருந்தார். அவரோடு வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் சொன்ன சம்பவம் இது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கதவிடுக்கில் வாயை வைத்து, "உள்ள எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், நல்லா இருக்கோம்" என்று கணீரென்று ஓர் ஆண்குரல் வந்தது. மெக்கானிக் மேலே இயந்திர அறைக்குப் போகக் காலெடுத்து வைத்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "சொன்னவர் போதும். மத்தவங்க ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றாராம். ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு குரல் மட்டும் வரவில்லை. தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல் அது. அவரை முதலில் வெளியே எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

"அவருக்கு நல்லா இருக்கோம்னு யார் சொன்னாலும் நம்பத் தெரியாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார் மெக்கானிக். நாங்களும் வெகுகாலம் இதைப் பெருமையாகவே எண்ணிவந்தோம். இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பதிவு செய்வதே என் நோக்கம். பல்கலைக்கழக நாட்களைப் பற்றி நான் எழுதுபவை அவரே என்னிடம் சொன்னவை. முடிவில் வரும் தையற்கடைச் சம்பவத்தை மட்டும் நேரில் இருந்து பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் சித்தப்பா. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கொம்பு குத்தவும் செய்யும் என்பது உள்ளே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் எல்லாருடைய மதிப்பெண்களையும் வரிசைப்படுத்தி, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டிவிடுவார்கள். தேறாதவன் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு இருக்கும். தட்டைக் கையில் எடுக்குமுன் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில் சிரிப்புக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை என்பார் சித்தப்பா. பழைய காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி நடைகூடத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். சீட்டாடுவார்கள். மேசையைத் தட்டிப் பாடுவார்கள். இவற்றுக்கெல்லாம் மையம் சித்தப்பாவின் அறை. இரண்டு கட்டில், இரண்டு மேசை, நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நகரும் அளவுக்கு இடம். ஜன்னலைத் திறந்தால் சமையற்கூடத்தின் புகை, மூடினால் புழுக்கம். அந்த அறைக்குள் மாலையானால் பத்துப் பதினைந்து பேர் அடைந்துகொள்வார்கள். சித்தப்பா எந்தப் பேராசிரியரையும் குரலாலும் நடையாலும் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார். அதனால் அவருக்குக் 'கச்சேரி' என்று பெயர் விழுந்தது. கணிதப் பேராசிரியர் ஒருவர் பலகை முழுவதும் எழுதி நிரப்பிவிட்டு, எவருக்கும் புரியாத இடத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது சொல்லாமலே விளங்கும்" என்று முடிப்பாராம். அந்த ஒரு வரியைச் சொல்லச் சொல்லி, பையன்கள் கட்டில் உடையும்படி விழுந்து சிரிப்பார்கள்.

அந்த விடுதிக்கென்று எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. படிக்கிற கோலத்தில் யாரிடமும் அகப்படக் கூடாது. அகப்பட்டவன் 'படிப்ஸ்', அவனை எந்த ஆட்டத்துக்கும் சேர்க்கமாட்டார்கள். ஆகவே தேர்வு நெருங்க நெருங்க, அந்த அறையில் பேச்சு இப்படித்தான் போகும்.

"என்னடா, எப்படி இருக்கு?"

"ஒண்ணும் படிக்கல மச்சான். நீ?"

"நான் இன்னும் புத்தகமே வாங்கல."

"வாங்கணும்னாவது உனக்குத் தோணிச்சே. இப்படி ஒரு பாடம் இருக்குறதே எனக்கு இப்பதான்டா தெரியும்!"

சித்தப்பா இதை நம்பினார். இவ்வளவு கெட்டிக்காரர் இதை எப்படி நம்பினார் என்று படிப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் தாத்தா சரக்குக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தவர். சொன்ன சொல்லும் எடைக்கல்லைப் போல, சொன்னபடியே இருக்கும் வீடு அது. பசித்தால் பசிக்கிறது என்பார்கள், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்பார்கள். அந்த வீட்டிலிருந்து போன பிள்ளை, பத்துப் பேர் கூடி ஒண்ணும் படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டது. யாருமே படிக்காமல் எல்லாருமே சமாளிக்கிறார்கள், நாமும் சமாளிப்போம் என்று ஆடிப் பாடிக் கழித்தார்.

பலகையில் முடிவு வந்தபோது அவர் பெயருக்கு எதிரே சிவப்பு சிவப்பாக நின்றது. புத்தகமே வாங்காதவன் மூன்றாம் இடத்தில் இருந்தான். பாடம் இருப்பதே தெரியாதவன் முதல் இடம்.

உண்மை அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் விளங்கியது. காலுறைப் பந்து நடைகூட ஜன்னல் வழியாகப் பறந்து, அடுத்திருந்த ஆய்வகக் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டுப் பக்கம் விழுந்துவிட, அதைத் தேடிப் படியேறினார். யாரும் புழங்காத படிக்கட்டு அது. முதல் திருப்பத்தில் சீட்டாட்டக் கூட்டாளி ஒருவன் உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் புத்தகத்தைக் கீழே தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"காத்து வாங்கலாம்னு வந்தேன் மச்சான்."

"என்னடா, கோழி அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்க? எப்ப பொரிக்கும்?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறினார். அடுத்த திருப்பத்தில் இன்னொருவன். அதற்கும் மேலே மூன்றாமவன். கீழே ஒருவன் இருப்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் மற்றதும் கண்ணில் பட்டது. அறைக் கதவுகளின் மேற்கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது வெயிலுக்காக அல்ல, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்கத்தான்.

சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பிற்காலத்தில் சொன்னார். அவமானத்தைச் சிரிப்பாக மாற்றத் தெரிந்தவர், இதையும் மாற்றினார். அன்று மாலையே கணிதப் பேராசிரியரின் குரலில் கூட்டாளிகளுக்கு ஒரு பாடம் எடுத்தார். "மாணவர்களே, இந்த விடுதியின் மொழிக்கு இலக்கணம் சொல்கிறேன். 'தூங்கிட்டேன்' என்றால் விழித்திருந்தேன் என்று பொருள். 'லேசா புரட்டினேன்' என்றால் மூன்று முறை முடித்தேன். 'ஒண்ணும் படிக்கல' என்றால் முதல் மார்க். இது சொல்லாமலே விளங்கும்!"

அறை அதிர்ந்தது. அகப்பட்ட மூவரும்தான் அதிகம் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து யார் வாய் தவறி "ஒண்ணும் படிக்கல" என்றாலும், இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "முதல் மார்க்!" என்று கத்தி, சொன்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடைகூடத்தைச் சுற்றிவர வேண்டும் என்று ஆயிற்று. அடுத்த அறை, அடுத்த மாடி என்று பரவி, அந்த விடுதியின் வழக்கமாகவே அது நிலைத்தது. அதற்குப் பிறகு அந்த விடுதியில் எவனும் அந்தச் சொற்களை உண்மையாகச் சொல்ல வழியில்லாமல் போயிற்று என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சித்தப்பாவும் படிக்கத் தொடங்கினார், மற்றவர்களைப் போலவே ஒளிந்து. சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மூன்றாம் ஆண்டில் அவருக்கு அறைத்தோழனாக வந்தவனை விடுதி 'பட்டன்' என்று அழைத்தது. அவன் அப்பா வேறோர் ஊரில் தையற்காரர். மகனுக்குத் தைக்கிற ஒவ்வொரு சட்டையிலும், கீழ் மடிப்பின் உட்புறத்தில் ஒரு பட்டனை உபரியாகத் தைத்து அனுப்புவார், எங்கேயாவது அறுந்துபோனால் பிள்ளை தவிக்கக் கூடாது என்று. அதைப் பார்த்து வைத்த பெயர். பட்டன் அதிகம் பேசமாட்டான். கச்சேரி நடக்கும்போது கட்டிலின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான். பலகையில் எப்போதும் முதல் ஐந்துக்குள் இருந்தான். "உன்னை மாதிரி ஒரு நிமிஷம் பேசத் தெரிஞ்சா போதும்டா கச்சேரி, இந்த மார்க் எல்லாத்தையும் குடுத்துடுவேன்" என்று ஒருமுறை சொன்னானாம்.

கடைசி ஆண்டின் நடுவில் அவனிடம் ஏதோ மாறியது. ஏன் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஊகித்து எழுத விரும்பவில்லை. வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: மேசை முன்னால் உட்காருவான், புத்தகம் திறந்திருக்கும், பக்கம் திரும்பாது.

இறுதித் தேர்வுக்கு முந்தைய மாலை. அறை நிறைந்திருந்தது. வழக்கமாக மூலையில் இருப்பவன், அன்று வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு சற்று ஓய்ந்த இடத்தில், "நான் ஒண்ணுமே படிக்கல" என்றான்.

"முதல் மார்க்!" என்று அறை கத்தியது.

நாலைந்து பேர் பாய்ந்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள். நடைகூடம் முழுக்க ஊர்வலம். கதவுகள் திறந்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "இன்னிக்கு ஊமையே வாய் திறந்துடுச்சுடா, ரெட்டை மார்க்!" என்றான் ஒருவன். தோள்களின்மேல் இருந்த பட்டனும் சிரித்தான் என்றே சித்தப்பாவுக்கு நினைவு. ஆனால் அந்த நினைவை அவர் முழுதும் நம்பவில்லை. "அவன் சிரிச்சான்னு எனக்கு வேண்டியிருக்கு பாப்பா. அதனால சிரிச்ச மாதிரி தெரியுதோ என்னவோ" என்றார். நான் நரைத்த பிறகும் அவருக்குப் பாப்பாதான்.

மறுநாள் காலை இருவரும் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பட்டன் சட்டையை மாட்டி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் பேசினான்.

"நேத்து சொன்னது நெஜம்டா."

"எது?"

"ஒண்ணும் படிக்கல. படிக்க முடியல. புத்தகத்தைத் திறந்தா எழுத்து உள்ள போகவே மாட்டேங்குது. ரொம்ப நாளாச்சு."

சித்தப்பாவுக்கு அன்று தன் தேர்வைப் பற்றிய பயம். ஒரு காலில் செருப்பு, ஒரு கையில் அளவுகோல். மூக்குக் கண்ணாடி அணியாதவர், இருப்பதுபோலவே அதை நெற்றிக்கு ஏற்றி, பேராசிரியரின் குரலில் சொன்னார்:

"தம்பி பட்டன், முதல் மார்க் வாங்குறவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான். இது சொல்லாமலே விளங்கும்."

பட்டன் ஒரு நொடி அவரைப் பார்த்தான். "நீ முன்னாடி போ. வர்றேன்" என்றான்.

தேர்வுக் கூடத்தில் அவன் இருக்கை காலியாகக் கிடந்தது. வளாகத்துக்குப் பின்னால் இருந்த ஏரியிலிருந்து மாலையில் அவனை எடுத்தார்கள். தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

தையற்காரர் வந்தார். நடக்க வேண்டியவை எல்லாம் முடிந்த பிறகு, மகனின் பொருள்களை எடுத்துக்கொள்ள அறைக்கு வந்தார். சித்தப்பா மட்டும் இருந்தார். தையற்காரர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தோளோடு தோள் சேர்த்து, கையை உள்பக்கம் மடக்கி, கடையில் புதுச்சட்டை கொடுக்கும்போது மடிப்பதுபோலவே மடித்தார். எல்லாம் முடிந்து பெட்டியை மூடிய பிறகு கேட்டார்:

"தம்பி, நீங்க ஒண்ணா இருந்தீங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்ததாகச் சித்தப்பா சொன்னார். அந்த மனிதரின் கை பெட்டியின் மேல் விரிந்து கிடந்தது. சொன்னால், "நீங்க என்ன சொன்னீங்க?" என்று அடுத்த கேள்வி வரும்.

"ஒண்ணும் சொல்லலீங்க."

தையற்காரர் தலையை அசைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சட்டை இருவர் கண்ணிலும் படாமல் தங்கிவிட்டது. சித்தப்பா அதைக் கண்டு எடுத்துக்கொண்டு ஓடியபோது வண்டி போய்விட்டிருந்தது.

அவருடைய அறையில் அதன் பிறகு கச்சேரி இல்லை. சில நாள் விடுதி அடங்கிக் கிடந்தது. பிறகு வேறோர் அறையில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. சித்தப்பா எப்படியோ கடைசித் தரத்தில் தேறி, லிஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, சித்தியை மணந்தார். பிறர் குரலில் அவர் பேசி எங்களில் எவரும் கேட்டதில்லை. அவருக்கு அந்தக் கலை தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. சட்டை ஒன்று பீரோவின் அடித்தட்டில் இருப்பது மட்டும் சித்திக்குத் தெரியும். "எதுக்குங்க இது? உங்க தோளுக்கு ஏறவே ஏறாதே" என்று கேட்டு, முதலும் கடைசியுமாக அவரிடம் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் விட்டிருக்கிறார்.

இவ்வளவும் வெளியே வந்தது என் மகளால். அவளுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எங்கள் எல்லாருக்கும் பெருமை. சித்தப்பா மட்டும் வாழ்த்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. முதல் விடுமுறைக்கு வந்தவள், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது விடுதிக் கதைகளை அவிழ்த்துவிட்டாள்.

"ஜாலியா இருக்கும்மா. பசங்க விடுதியில ஆரம்பிச்சு எங்க விடுதிக்கும் வந்த ஒரு வழக்கம் இருக்கு, காலங்காலமா. யாராவது 'ஒண்ணும் படிக்கல'ன்னு சொன்னா, உடனே எல்லாரும் 'முதல் மார்க்'னு கத்தணும். கத்திட்டுத் தோள்ல தூக்கிட்டுப் போவோம். என்னைக் கூட ஒரு தடவை தூக்கினாங்க, சின்னத் தாத்தா!"

சித்தப்பா தட்டிலிருந்து கையை எடுத்தார். "நீ ஏன் அப்படிச் சொன்னே?" என்றார்.

"எதை?"

"படிக்கலேன்னு. நெஜமாவே படிக்கலையா?"

"ஐயோ தாத்தா, அது சும்மா. எல்லாரும் சொல்றதுதான். யார் பண்ணின வழக்கம்னே தெரியாது, அவ்வளவு பழசு."

அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பின்னால் போய் நின்றேன். அன்று பகல் முழுவதும் நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னார். முடிவில், "சொல்லாமலே விளங்கும்னேன் பாப்பா. அவன் சொல்லியே எனக்கு விளங்கல" என்றார். பிறகு, "அந்த அப்பா இன்னும் இருக்காரான்னு பாக்கணும். அவர் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல" என்றார்.

போகலாமா வேண்டாமா என்று சித்தி என்னிடம் தனியே கேட்டார். "இத்தனை வருஷம் கழிச்சுப் போய், ஆறின புண்ணைக் கீறணுமா?" எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் சித்தப்பா சட்டையை வெளியே எடுத்துவிட்டிருந்தார். கழுத்துப்பட்டையின் உள்ளே கடையின் பெயரும் தெருவின் பெயரும் போட்ட துணிச்சீட்டு இன்னும் படிக்கும்படி இருந்தது. துணைக்கு நான் போனேன்.

கடை அதே தெருவில் இருந்தது. ஒற்றை அறை, ஒரே ஓர் இயந்திரம். சுவரில் ஆணிகளில் காகித அளவுகள் தொங்கின. முதியவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு கால்சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "புதுசு தைக்கிறதில்ல. சின்னதாக்குறது, பெருசாக்குறது மட்டும்தான்" என்றார்.

சித்தப்பா சட்டையை அவர் முன்னால் வைத்தார்.

முதியவர் அதை விரித்தார். கழுத்தைப் பார்க்கவில்லை, கீழ் மடிப்பைத் திருப்பி உபரிப் பட்டனை விரலால் தடவினார். பிறகுதான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ரூம்ல இருந்த தம்பியா?"

"ஆமாங்க."

"உக்காருங்க."

எங்களுக்கு முக்காலி ஒன்றுதான் இருந்தது. சித்தப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே, முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் நடந்ததை, ஊர்வலத்தையும் பேராசிரியரின் குரலையும் சேர்த்து, எதையும் குறைக்காமல் சொன்னார். "நீங்க கேட்டப்ப அவன் ஒண்ணும் சொல்லலேன்னு சொன்னேன். பொய்ங்க. சொன்னான். நான் கேக்கல."

முதியவர் பிரித்துக்கொண்டிருந்த தையலின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முந்தின வாரம் பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டான்" என்றார் கடைசியில். "'அப்பா, நான் ஒண்ணுமே படிக்கலப்பா'ன்னான். கடையில ஆள் நின்னுட்டிருந்தாங்க. 'நீ எப்பவும் இதைத்தானடா சொல்லுவே, அப்புறம் முதல்ல வந்து நிப்பே'ன்னு சிரிச்சேன். 'சரிப்பா'ன்னு வெச்சுட்டான்."

சித்தப்பாவின் கை இயந்திரத்தின் விளிம்பைப் பற்றியது.

"அதனாலதான் தம்பி உங்ககிட்ட வந்து கேட்டேன்" என்றார் முதியவர். குரல் உயரவில்லை. "வேற யார்கிட்டயாவது சொல்லியிருப்பானான்னு. நீங்க இல்லேன்னுட்டீங்க. அப்ப எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கான், நான் ஒருத்தன்தான் கேக்காம விட்டவன்னு ஆயிடுச்சு. அவன் அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லல. அவ தவறி விழுந்தான்னே நெனச்சுட்டுப் போய்ச் சேர்ந்தா. ஒரே வீட்ல இருந்துட்டு, அவகிட்ட முகம் குடுத்துப் பேசினதில்ல நான்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, ரெண்டு பேரா இருந்திருப்போம்" என்றார்.

சித்தப்பா அவர் காலருகே குனியப் போனார். முதியவர் கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம். போயிட்டு வாங்க. இந்தக் கால்சட்டைக்கு ஆள் வந்துடும்." சட்டையை மட்டும் எடுத்து, தோளோடு தோள் சேர்த்து, கைகளை மடக்கி, புதுச்சட்டையைப் போல மடித்துப் பலகையின் அடியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

திரும்பும் பேருந்தில் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் வெளியே பார்த்தபடி வந்தார்.

"என்ன சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. அவருடைய வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஒண்ணு இல்லேன்னா ரெண்டு இருக்கும். சொல்லுங்க."

பேருந்து இரண்டு நிறுத்தங்களில் நின்று கிளம்பியது.

"ஆமா பாப்பா, ரெண்டுதான்" என்றார். "நான் தனியா விட்டது அவன் ஒருத்தனைன்னு இத்தனை வருஷமா எண்ணிட்டிருந்தேன்."